பந்திக் கதவில் நான் கேட்ட கேள்வி

என் கல்யாணத்தன்று என் மாமனாரையே பந்திக் கதவில் கை நீட்டி மறித்து, "நீங்க யாரு?" என்று கேட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் புத்தி சொல்ல ஆரம்பிக்கும்போது, சொல்கிற ஆளின் லட்சணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டும்.

அப்போது நான் பஹ்ரைனில் ஒரு ஹோட்டலில், பாட்டும் ஆட்டமும் நடக்கிற கிளப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கென்று ஒரு மாச லீவு. தாலி கட்டி முடித்து, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு ஹால் பக்கம் ஒரே தள்ளுமுள்ளு. "கதவு ஒடியப் போவுது" என்று யாரோ கத்தினார்கள். கதவு என்று காதில் விழுந்ததும் என் கால்கள் என்னிடம் கேட்காமலே எழுந்துவிட்டன. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, "லைன், லைன்" என்று அதட்டினேன். ஜனம் அப்படியே வரிசையில் நின்றது. மாப்பிள்ளைக்குப் பிராந்து பிடித்துவிட்டது என்று பயந்திருப்பார்கள். அந்த நேரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் எரிசேரி வாளியோடு ஒருவர் என் கைக்கு அடியில் நுழையப் பார்த்தார். பெண் பார்க்கப் போனபோது ஒரே ஒரு தடவை, சட்டையும் கண்ணாடியுமாகப் பார்த்த மனிதர். வாளியோடு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க யாரு?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நான் பொண்ணுக்கு அப்பன். நீரு மாப்பிள்ளைதானே? இஞ்ச நின்னு என்ன செய்யுதீரு?"

மண்டபமே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள், இனி வாழ்நாள் பூரா என்ன பாடு படவேண்டியிருக்கும் என்று. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பாயசத்துக்கு முன்னால் இந்தக் கதையைப் பரிமாறாமல் விடமாட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே அந்தக் கேள்வி ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று எனக்குள் பதிந்துபோனது. அதற்கு எவ்வளவு பல் உண்டு என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வாசல் வேலைக்கு எடுத்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி நம் ஏஜென்சி முதலாளி கேட்டார். உங்களில் சிலர் கல்யாண மண்டபங்களுக்குப் போவீர்கள். சிலர் வட்டக்கோட்டைப் பக்கம் கடலைப் பார்த்துப் புதிதாக வந்திருக்கிற ரிசார்ட்டுகளுக்குப் போவீர்கள். அங்கே சனிக்கிழமைதோறும் டிஜே, கலர் லைட்டு, எல்லாம் உண்டு. வாக்கி டாக்கியில் எப்படிப் பேசவேண்டும், ரிஜிஸ்டரில் எங்கே கையெழுத்து வாங்கவேண்டும் என்பதெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். எனக்கு அது சரியாக வரவும் வராது. உங்களுக்கும் எதிரே வந்து நிற்கிற மனிதருக்கும் நடுவில் ஒரு கை நீளம் இடம் இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றி மட்டும்தான் எனக்கு எழுதத் தெரியும். நான் வழுக்கி விழுந்ததெல்லாம் அந்த ஒரு கை நீளத்தில்தான்.

கிளப் வாசலுக்கு நான் போனதே ஒரு கூத்து. தட்டு கழுவத்தான் என்னை எடுத்தார்கள். வாசலில் நின்ற தடியான பாகிஸ்தான் பட்டாணியர் ஊருக்குப் போனார். மாற்று ஆள் வரும்வரை ஒருத்தன் வேண்டும் என்று அவருடைய கறுப்புக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டார்கள். நான் ஐந்தடி நாலங்குலம். கோட்டு முழங்காலைத் தொட்டது. என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தேடவேண்டியிருந்தது. முதல் நாள் ஒரு வெள்ளைக்காரர் தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனார். கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டு என்று நினைத்துவிட்டார். நானும் அவர் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றேன். பொறுமையான ஆள் என்று மேனேஜருக்குப் பிடித்துப்போய், வாசலிலேயே நிரந்தரமாக்கிவிட்டார்.

என்னோடு நின்றவர் ஒரு சூடான்காரர். என்னைவிட நாலு வயது இளையவர், ஒரு முழம் அதிக உயரம். இந்தியும் மலையாளமும் பிசைந்த ஒரு பாஷையில்தான் இருவரும் பேசிக்கொள்வோம். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் அவர்தான். அவர் கை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். ஆளின் நெஞ்சில் உன் கை பட்டுவிட்டால் அதற்குப் பிறகு நீ வாயால் சொல்கிற எதுவும் அவன் காதில் ஏறாது என்பார். யாரையாவது நிறுத்தவேண்டியிருந்தால், "சார், ஒரு நிமிஷம் இந்தப் பக்கம்" என்று வரிசையை விட்டு ஓரமாக அழைத்துப்போய்க் குனிந்து பேசுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இருவரும் பழைய கூட்டாளிகள் என்று தோன்றும்.

ஒரு நாள் அவரே தப்புச் செய்தார். ரப்பர் செருப்புப் போட்டு வந்த ஒரு வயதானவரை வரிசையில் வைத்தே நிறுத்திவிட்டார். செருப்பு கூடாது என்பது அங்கே சட்டம். அவரும் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளேயிருந்து சேதி வருகிறது: அன்றைக்கு மேடையில் பாடுகிற பெண்ணின் அப்பா அவர், திருவனந்தபுரத்திலிருந்து மகள் பாடுவதைக் கேட்க வந்தவர். சூடான்காரர் கதவை என்னிடம் விட்டுவிட்டு ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கார் நிறுத்துகிற இடத்தின் கடைசியில் போய்ப் பிடித்து, கையோடு கூட்டிவந்து, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னுடையது சார், உங்களுடையது இல்லை" என்று சொல்லி, செருப்போடேயே மேஜைவரை கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"ஓரமா நின்னு சொன்னாப் போதாதா? இத்தனை பேர் முன்னால எதுக்கு?" என்று நான் கேட்டேன்.

"நிறுத்தினது எல்லார் முன்னாலயும்தானே?" என்றார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "ஆள் ரோட்டைத் தாண்டறதுக்குள்ள போய்ப் பிடிக்கணும். தாண்டிட்டா அந்த அவமானம் அவன்கூட வீட்டுக்குப் போயிரும். அங்க உன்னால போக முடியாது."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

வாசலுக்கு வருகிறவர்களின் தினுசுகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். போனை நம் காதருகே நீட்டி "இந்தா, பேசும்" என்கிறவர் ஒருவர்; எதிர்முனையில் யார் என்று சொல்லமாட்டார், பேசினால் நமக்கே தெரியுமாம். "மக்கா" என்று தோளில் கை போட்டு, நம்மையும் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடுகிறவர் இன்னொருவர். முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருகிறவரை மண்டபத்தில்தான் பார்த்தேன். பார்த்தால் வெளியே போகிறவர் மாதிரி இருக்கும், அடுத்த நிமிஷம் இலையின் முன்னால் இருப்பார். பிறகு, "நான் யாருன்னு தெரியுமா?" என்பவர். இவர் பஹ்ரைனிலும் உண்டு, தக்கலையிலும் உண்டு. இவர்கள் எல்லாரும் ஆபத்தில்லாதவர்கள். உள்ளே போகவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவரால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. நீங்கள் கூர்ந்து பார்க்கவேண்டியது கேட்காமல் நிற்கிறவரை. இதை நான் எவ்வளவு தாமதமாகக் கற்றேன் என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

பஹ்ரைனிலிருந்து திரும்பியபிறகு தக்கலைக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சேர்ந்தேன். சாப்பாட்டு ஹாலின் கதவு என் பொறுப்பு. வெளிநாட்டில் கிளப் வாசலில் நின்றவன் என்று அங்கே எனக்கு ஒரு மதிப்பு. நானும் அதைக் கெடுத்துக்கொள்ளவில்லை. கோட்டு ஸ்டாண்டு கதையை யாருக்கும் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பந்தி உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெண் வீட்டார் பொறுத்து, பரிமாறி, பிறகுதான் உட்காருவார்கள். இதில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் சம்பந்தம் முதல் நாளே கசந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாத உறவுகள் கல்யாணத்துக்கு வருவார்கள். நாற்காலியில் உட்காருவார்கள், அட்சதை போடுவார்கள், பந்திக்கு மட்டும் வராமல் போய்விடுவார்கள். வந்தது ஊருக்காக, சண்டை அப்படியேதான் இருக்கிறது என்று அர்த்தம். அவர்களில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டாம், நடுவில் ஆள் வைத்துப் பேசவேண்டாம். அவியலுக்கும் புளிசேரிக்கும் நடுவில் எத்தனையோ வருஷப் பகை கரைந்துபோனதை நான் கதவில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிரதமன் விடட்டா?" என்று கேட்பதோடு சரி.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். அதனால்தான் நான் செய்ததற்கு மன்னிப்பு இல்லை.

நாலு வருஷம் முன்னால், ஆவணி மாதம். பெண்ணின் அப்பா தோப்பும் வயலும் உள்ள விவசாயி. மண்டபத்துக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, மொத பந்தி முழுக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்கணும். எங்க ஆளுவ பொறுக்கட்டு. பாத்துக்கிடும்."

"நான் பாத்துக்கிடுதேன். எறும்பு போவாது," என்றேன்.

எனக்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வாரம் வேறொரு கல்யாணத்தில் பெண் வீட்டுக் கூட்டம் முதல் பந்தியில் புகுந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இலை கிடைக்காமல் நின்று, கோபித்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவரை இறக்க இரண்டு மணிநேரம் ஆனது. மண்டப மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேய், பஹ்ரைன், இனி ஒரு புகார் வந்துதுன்னா நீரு வீட்டுல இருந்து டிவி பாத்துக்கிடும்" என்று சொல்லியிருந்தார். ஆகவே அன்றைக்கு நான் கதவில் நின்ற நிலையைப் பார்த்தால் உள்ளே சாப்பாடு இல்லை, தங்கக்கட்டி இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

தாலி கட்டி முடிந்தது. கதவைத் திறந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். அந்த நெருக்கடியிலும் ஒருவரை நான் கவனித்தேன். எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, கக்கத்தில் நீளமான கறுப்புக் குடை. கை கழுவுகிற இடத்தில் நின்று கை கழுவினார். கதவுப் பக்கம் பார்த்தார். திரும்பிப் போய் இன்னொரு தடவை கை கழுவினார். அப்புறம் மெதுவாக நடந்து என் முன்னால் வந்து நின்றார். தள்ளவில்லை, கேட்கவில்லை. நின்றார். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரில் இப்படி ஒருவரைக் காலையிலிருந்து நான் பார்க்கவில்லை. பின்னால் கூட்டம் நெருக்குகிறது. தூணருகே மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் கையைத் தூக்கி அவர் நெஞ்சுக்கு நேரே வைத்தேன். வைத்தேன் என்ன, பட்டது.

"நீங்க யாரு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "நானா?" என்றார்.

"ஆமா, நீங்கதான். இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு உள்ள பந்தி. நீங்க யாரு?"

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். பெண்ணின் அப்பா அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு, சம்பந்தியின் இலைக்கு முன்னால் குனிந்து நின்றார். இவர் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்தார். பிறகு என்னிடம், ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்:

"யாரு நிக்கச் சொன்னா உம்ம?"

"பொண்ணுக்க அப்பாதான். ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"அவன் சொன்னானா?"

"ஆமா. பந்தி முடியட்டு. கொஞ்சம் தள்ளி நில்லும்."

அவன் என்கிறார். கல்யாண வீட்டில், மகளைக் கட்டிக்கொடுக்கிற மனிதரை அவன் என்று சொல்ல எத்தனை பேருக்கு உரிமை உண்டு? இன்று உங்களுக்கு எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு என் காது மேனேஜர் பக்கம் இருந்தது. அந்த மனிதர் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். திரும்பி நடந்தார். அவர் பின்னால் நின்ற ஒரு பையன்மார் கூட்டம் கொஞ்சம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததா என்று கேட்டால், வந்தது. என் மாமனாரும் எரிசேரி வாளியும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

முதல் பந்தி முடிகிற நேரம் பெண்ணின் அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கதவுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் வந்திருக்காவன்னு சொன்னாவ. குடை வச்சிருப்பாவ. தாடி. பாத்தீரா?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். தோப்புக்குப் போகிற வழியில் அண்ணன் ஒரு கேட் போட்டாராம். அதில் தொடங்கிய சண்டை, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. இவர் மகளின் கையில் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பினாராம். பெரியப்பா வாங்கிக்கொண்டு, "வாறேன், சாப்பிடுதேன்" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாராம். "சாப்பிடுதேன்னு சொன்னாவ பாத்துக்கிடும்," என்று எனக்கே இரண்டு தடவை சொன்னார். "சம்பந்திக்குப் பக்கத்துல ஒரு இலை போட்டு வச்சிருந்தேன். மாப்பிள்ளைக்க ஆளுவ வந்து கேட்டாவ. நான் ஒருத்தரையும் உக்கார விடல்ல."

எட்டிப் பார்த்தேன். நீள மேஜையில் எல்லா இலையும் மடக்கிக் கிடந்தது. ஒன்று மட்டும் விரித்தபடி இருந்தது. அதன் ஓரத்தில் ஏத்தங்காய் உப்பேரியும் ஒரு மட்டிப்பழமும் வைத்திருந்தார்கள்.

நம் மண்டபக் கதவில் நின்றால் கேட்டுக்கு வெளியே ரோடு தெரியும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் தெரியும். அங்கே வெயிலில் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. அந்த ஸ்டாப்பில் நிற்கிற மண்டைக்காடு பஸ் அடிக்கடி கிடையாது. அது அவருடைய குடைதான் என்று எனக்குத் தெரிந்தது. ஓடினால் ஒரு நிமிஷம். "தப்பு என்னுடையது" என்று இரண்டு வார்த்தை. சூடான்காரர் சொன்னதும் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் மேனேஜர் தூணருகிலிருந்து எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"என்ன வே, என்னதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன். பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "வந்தாவ. சாப்பிடாமப் போயிட்டாவ."

பாருங்கள் பிள்ளைகளே, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வந்தார். சாப்பிடவில்லை. போய்விட்டார். பஹ்ரைனில் பன்னிரண்டு வருஷம் நின்று நான் கற்ற சாமர்த்தியம் முழுவதும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. ஒரு கேள்வியால் அண்ணனை வெளியே நிறுத்தினேன். ஒரு பதிலால் தம்பியை உள்ளே வைத்துக் கதவை அடைத்தேன்.

பெண்ணின் அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "கை நனைக்காமப் போயிட்டாவளா," என்றார், கேள்வியாக இல்லை. பிறகு, "அப்ப சரி" என்று சொல்லி உள்ளே போனார். போகிற வழியில் அந்த விரித்த இலையை அவரே மடக்கினார். நான் ரோட்டைப் பார்த்தபோது பஸ் வந்து நின்றிருந்தது. அது நகர்ந்தபிறகு அங்கே குடை இல்லை.

அடுத்த பந்திக்குக் கதவைத் திறந்தேன். வேலை நடந்தது. மேனேஜர் மாலையில், "இன்னைக்குக் கொள்ளாம் வே, ஒரு புகாரும் இல்ல" என்று தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாத முகம் வந்தால், "வாருங்க, வெயில்ல வந்திருக்கியளே, எந்த ஊர்லேந்து?" என்பேன். ஊரைச் சொல்கிறவர் யார் வீடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். நம் ஆட்களுக்கு ஊரை மட்டும் சொல்லி நிறுத்தத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் நிற்கிறவரை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெண்ணின் அப்பாவையோ மாப்பிள்ளையின் அப்பாவையோ கூட்டிவந்துவிடுவேன். அவர்கள் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார்கள். ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் "சார், யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேளுங்கள். அதே கேள்விதான், ஆனால் கேட்கப்பட்டவருக்கு உள்ளே ஒரு சொந்தம் இருக்கிறதென்று ஒப்புக்கொள்கிற கேள்வி. கையை இடுப்புக்குக் கீழே வையுங்கள். இதெல்லாம் நான் நன்றாகச் செய்தேன். நன்றாகச் செய்ததால் அந்த மனிதரை மறந்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஓய்வு பெற்று இரண்டு மாதம் இருக்கும். தக்கலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தாடி. அதே பார்வை, தோளுக்கு மேலாக எதையோ பார்க்கிற மாதிரி. நம் ஊர்ப் போஸ்டரில் துக்கப்படுகிறவர்களை ஒருவர் விடாமல் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மனைவி, மகன்மார், மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள். வெளிநாட்டில் இருக்கிற ஒரு கொள்ளுப்பேரன் வரை இருந்தான். நான் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தேன். தம்பி என்று ஒரு வரி இல்லை.

பஸ் வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது. நான் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு மாசம் ஆனது. வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வேடிக்கைபோல ஆரம்பிக்கலாம், என் மாமனார் கதையைச் சொல்லி, அதிலிருந்து நைசாக இதற்கு வரலாம் என்றுகூட யோசித்தேன். நான் அவ்வளவு பெரிய கோமாளி. மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் பூட்டு இல்லை, சும்மா சாத்தியிருந்தது. வாழ்க்கை முழுவதும் அடுத்தவனை வெளியே நிறுத்தினவன், அதைத் தள்ளத் தைரியம் இல்லாமல் வெளியிலேயே நின்றேன். அவர்தான் பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"யாரு, மண்டபத்து அண்ணாச்சியா? ஏன் வெளிய நிக்கிதீரு? வாரும் வாரும்."

அவர் என்னை மறக்கவில்லை. 'யாரு' என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. உள்ளே கூட்டிப்போய், "எட்டி, ஒரு இலை கூடப் போடு, மண்டபத்து அண்ணாச்சி வந்திருக்காரு" என்று மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி சாப்பாட்டு மேஜையில் இரண்டு இலை போட்டார். மீன்குழம்பு வாசனை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சாப்பிட்டு முடித்துச் சொல்லலாமே என்று எனக்குத் தோன்றியது. வயிறு எப்போதும் என்னைவிடப் புத்திசாலி. கை கழுவச் சொன்னார். குழாயடிக்குப் போனேன். தண்ணீர் கையில் பட்டதும் நின்றுவிட்டேன்.

ஈரக் கையோடு திரும்பி வந்து, உட்காராமல், நின்றபடியே சொன்னேன். அண்ணன் சாப்பிடத்தான் வந்தாவ. இரண்டு தடவை கை கழுவினாவ. நான்தான் நெஞ்சில கை வச்சு யாருன்னு கேட்டேன். ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு நீங்க சொன்னதாச் சொன்னேன். நீங்க வந்து கேட்டப்போ எதுத்த பஸ் ஸ்டாப்புல குடை விரிச்சு நின்னுக்கிட்டு இருந்தாவ. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். தம்பி தன் இலையைப் பார்த்தார், எனக்குப் போட்டிருந்த இலையைப் பார்த்தார். கையை நீட்டி, என் இலையை மேல்பாதியைக் கீழே கொண்டுவந்து மெதுவாக மடக்கினார்.

"சாப்பிடாமப் போவும்," என்றார்.